உடம்புல இருக்கா, வண்டியில இருக்கா?

கையுறையைக் கழற்றிய பிறகுதான் தொடுவார் ஆர்லீன் ஓஸ்ட்பி. மூச்சுக் காற்று புருவத்தில் உறைந்து நிற்கிற குளிரில், வெறும் உள்ளங்கையை எதிரே நிற்பவரின் நெஞ்சில் வைத்து, நான்கு அடுக்குத் துணிக்குக் கீழே அந்தச் சின்னப் பெட்டி தட்டுப்படுகிறதா என்று அழுத்திப் பார்ப்பார். தட்டுப்பட்டால், "இருக்கு. போ." தட்டுப்படாவிட்டால் பேச்சே கிடையாது. பனிவண்டியின் சாவிக்காகக் கையை நீட்டுவார். சாவியை வாங்க அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. ஆனால் இதுவரை கொடுக்காமல் போனவர் எவரும் இல்லை.

போன மாதம் ஸ்போகேனிலிருந்து ஒரு பல் டாக்டர் வந்திருந்தார். தலையிலிருந்து கால்வரை புத்தம் புதுசு. ஹெல்மெட்டில் கடை ஒட்டிய சீட்டுகூடக் கிழிக்கப்படவில்லை.

"டாக்டர், பீக்கன் எங்க?"

"பையில இருக்கு மேடம். போன வாரம்தான் வாங்கினேன், நல்ல கம்பெனி."

"பை எங்க?"

"வண்டியில."

"பனி உங்களப் பொதைக்குமா, வண்டியப் பொதைக்குமா?"

டாக்டர் சிரித்தார். "வந்தா ரெண்டையும்தான்."

"ரெண்டையும் ஒரே குழியில பொதைக்கும்னு யாரு சொன்னா உங்களுக்கு?"

டாக்டரின் சிரிப்பு நின்றது. அந்தக் குளிரில் மேல்சட்டையைக் கழற்றி, பீக்கனை வாரோடு நெஞ்சில் மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை நகம் காட்டுவதுபோல் ஆர்லீன் முன்னால் வந்து நின்றார்.

பீக்கன் என்பது உள்ளங்கை அளவில் ஒரு ரேடியோ, அவ்வளவுதான். பனிச்சரிவில் புதைந்தவர் உடம்பில் அது விடாமல் துடித்துக்கொண்டிருக்கும். மேலே நிற்பவர் தன்னுடையதைத் தேடும் நிலைக்கு மாற்றினால், துடிப்பு எத்தனை மீட்டர் தள்ளி என்று எண் காட்டும். எண் குறையக் குறைய நடக்க வேண்டும், பிறகு கம்பியால் குத்திப் பார்க்க வேண்டும், பிறகு தோண்ட வேண்டும். எல்லாம் பதினைந்து நிமிடத்துக்குள். அதற்கு மேல் ஆனால் கணக்கு நம் பக்கம் இல்லை.

ஆர்லீனுக்கு அறுபத்தொரு வயது. திங்கள் முதல் வெள்ளி வரை டாம்சன் க்ரீக் பள்ளிக்கூடத்தின் சமையல்காரர். வியாழக்கிழமை மிளகாய்ப் பீன்ஸும் இலவங்கப்பட்டை ரொட்டியும். அன்றைக்கு மட்டும் காய்ச்சல் வந்த பிள்ளைகள்கூடப் பள்ளிக்கு வந்துவிடும். முப்பது படிப் பாத்திரத்தை ஒற்றை ஆளாய் இறக்கும் தோள். இடது காது மடல் சின்ன வயதில் குளிரில் கருகிப் பாதிதான் இருக்கும். அதைத் தொப்பிக்குள் மறைக்க மாட்டார். புதிதாக வருகிறவர்கள் உற்றுப் பார்த்தால், "காசு செலவில்லாத விளம்பரம். நல்லாப் பாத்துக்குங்க" என்பார்.

சனி, ஞாயிறு காலைகளில் மலைப்பாதை தொடங்குகிற வண்டி நிறுத்தத்தில் நிற்பார். மடக்கு நாற்காலி ஒன்று கொண்டுவருவார், ஆனால் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அதன்மேல் வாக்கி டாக்கியும் கறுப்பு அதிமதுர மிட்டாய்ப் பொட்டலமும் இருக்கும். யார் போனார்கள், எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் திரும்புவார்கள் என்பது அட்டையில் ஏறும். "ஏறக்குறைய மூணு மணி" என்று சொன்னால் எழுத மாட்டார். "ஏறக்குறையன்னு ஒரு மணி என் கடிகாரத்துல இல்ல." எதைச் சொன்னாலும் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் அவருக்கு. ஊர்த் திருவிழாவில் தன் தோழி சுட்ட பழ அடைக்குப் பரிசு கொடுக்காமல், "அடி வேகல" என்று மைக்கில் சொன்னவர். அந்தத் தோழி ஒரு வருஷம் பேசவில்லை.

முன்பெல்லாம் அவர் யார் நெஞ்சையும் தொட்டதில்லை. ஒரு சோதனைக் கருவியைக் கையில் பிடித்து நிற்பார். ஒவ்வொரு வண்டியாக அவரைத் தாண்டிப் போகும். கருவி கூவினால் பீக்கன் வேலை செய்கிறது என்று பொருள். கையாட்டி அனுப்பிவிடுவார். பன்னிரண்டு வருஷம் அப்படித்தான் அனுப்பினார்.

இரண்டு வருஷத்துக்கு முன், பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, தம்பி டெல்மர் தாண்டிப் போனான். ஐம்பத்துநாலு வயது. மரம் அறுக்கும் ஆலையில் வேலை. கூடவே அவன் நண்பன் கென்யன். இருபது வருஷமாக இருவரும் ஒன்றாகத்தான் மலையேறுவார்கள்.

"அக்கா, மதியத்துக்கு என்ன வச்சிருக்க?"

"நீ நேரத்துக்கு வந்தா சூப்பு. லேட்டா வந்தா பாத்திரம். கழுவலாம்."

கருவி கூவியது. டெல்மர் கையை உயர்த்திக்காட்டிவிட்டுப் போனான். அட்டையில் "தெற்குக் கிண்ணம், ஒரு மணி" என்று எழுதினார். கிண்ணம்போல் குழிந்த மலைச்சரிவு அது.

பதினொன்று இருபதுக்கு வாக்கி டாக்கியில் கென்யன் குரல் வந்தது. "ஆர்லீன், சரிவு எறங்கிடுச்சு. டெல் உள்ள மாட்டிக்கிட்டான்."

அந்த நேரத்தில் தன் குரல் எப்படி நடுங்காமல் இருந்தது என்று ஆர்லீனுக்கு இன்றுவரை தெரியாது. அடுப்படியில் ஆள் ஏவுகிற குரல்தான் வந்தது. "அவசரப் பொத்தான அமுக்கினியா?" அமுக்கியிருந்தான். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி அவன் நெஞ்சிலேயே இருந்தது. மேகம் கலையாமல் ஹெலிகாப்டர் வராது என்று பதிலும் வந்துவிட்டது. "சரி. பீக்கன எடு. நம்பரச் சொல்லு."

"முப்பத்தெட்டு."

"நட."

"இருபத்தி ரெண்டு. பதினாலு. ஆறு." மூச்சு வாங்கியது. "ஒண்ணு புள்ளி நாலு. கம்பி முட்டுது ஆர்லீன். ஏதோ முட்டுது."

"தோண்டு. கீழ்ப்பக்கத்துலேர்ந்து தோண்டு. பேசாத."

வண்டி நிறுத்தத்தில் நின்றிருந்த இரண்டு பேர் அதற்குள் கிளம்பத் தயாராகிவிட்டார்கள். ஆர்லீன் மேல்சட்டையைப் பூட்டிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது நிமிடம். பன்னிரண்டு. கிடைத்துவிடுவான் என்றே நினைத்தார். பதினாறாவது நிமிடம் கென்யன் பேசினான்.

"ஆர்லீன்." பிறகு வெறும் இரைச்சல். "இது வண்டி. வண்டி மட்டும்தான் இருக்கு. பீக்கன் வண்டிப் பையில கெடக்கு."

காலையில் கூவியது தம்பி இல்லை, தம்பியின் வண்டி. நவம்பரில் தோளில் ஆபரேஷன் நடந்தவன். வார் அந்தத் தழும்பில் உரசுகிறது என்று கழற்றிப் பையில் போட்டிருக்கிறான். இது பிறகு அவன் மனைவி சொல்லித் தெரிந்தது. அந்த நிமிடத்தில் தெரிந்ததெல்லாம், தன் கையிலிருந்த கருவியை நம்பித் தானே அவனை அனுப்பினோம் என்பதுதான்.

அப்போது கால்சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. செய்தி டெல்மரிடமிருந்து: "எல்லாம் நல்லபடி. சாப்பாட்டுக்கு வந்துடுவேன்."

உயிரோடு இருக்கிறான். வண்டியிலிருந்து தூக்கி வீசப்பட்டு எங்கேயோ மரத்தடியில் உட்கார்ந்து செய்தி அனுப்புகிறான். ஆர்லீன் வாக்கி டாக்கியை வாயோடு சேர்த்துப் பிடித்தார். "கென்யன், தோண்டாத. அவன் வெளிய இருக்கான். இப்பதான் மெசேஜ் வந்துச்சு. மரத்துப் பக்கம் தேடு, கூப்பிட்டுப் பாரு."

கென்யன் பனி அள்ளும் ஷவலைப் போட்டுவிட்டு மரத்துப் பக்கம் ஓடினான். "டெல், டெல்" என்று கத்திக்கொண்டே ஓடினான். ஏழு நிமிடம்.

அந்தச் செய்தி சரிவுக்கு முன்பே, மேலே முகட்டில் நின்று டெல்மர் அனுப்பியது. அவனிடமும் ஒரு செயற்கைக்கோள் செய்திக் கருவி இருந்தது; வானம் சரியாகக் கிடைக்காமல் செய்தி அதற்குள்ளேயே நின்றுபோயிருக்கிறது. அந்தக் கருவி இருந்தது வண்டியின் கைப்பிடியில். வண்டியோடு புதைந்தது. கென்யன் பனியை விலக்கி வண்டியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததும், மறைப்பு நீங்கிய கருவி தன் வேலையைச் செய்தது. அரைமணி நேரத்துக்கு முந்தைய சொல், அப்போதுதான் சொன்னதுபோல் வந்து சேர்ந்தது.

ஆர்லீன் மேலே போய்ச் சேர்ந்தபோது கென்யன் மறுபடி வண்டியைச் சுற்றித் தோண்டிக்கொண்டிருந்தான். கையுறை எங்கேயோ போய்விட்டது. விரல்கள் மெழுகு நிறம். சொல்லியும் நிறுத்தவில்லை. இரண்டு பேர் பிடித்து இழுத்துப் பின்னால் உட்காரவைத்துக் கீழே கொண்டுபோனார்கள். அவனுடைய இரண்டு விரல் நுனிகள் பிறகு போய்விட்டன.

மாவட்டத் தேடுதல் குழு நாயோடு வந்தது. நாய் சரிவை இரண்டு சுற்று சுற்றிவிட்டு, குழிக்குப் பக்கத்தில் குவிந்திருந்த பனிமேட்டின் மேல் ஏறிப் பிறாண்டத் தொடங்கியது. கென்யன் தோண்டித் தோண்டி வாரிப் போட்ட பனி அது, நெஞ்சு உயரத்துக்கு.

குழுத் தலைவர் லெஸ்டர் நாயைப் பிடித்து இழுத்தார். "அது கென்யனோட வாசனை. வாடா இங்க." நாய் திரும்ப அதே மேட்டில் போய்ப் படுத்துக்கொண்டது.

லெஸ்டர் ஆர்லீனைப் பார்த்தார். ஆர்லீன் லெஸ்டரைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. ஆர்லீன்தான் முதலில் ஷவலைக் கையில் எடுத்தார்.

மேட்டை அள்ளிய பிறகு, சரிவின் பனியில் முழங்கால் ஆழம்கூட இல்லை. குழியிலிருந்து நான்கு எட்டு தூரம்தான். டெல்மர் ஒருக்களித்துப் படுத்திருந்தான். முகத்துக்கு முன்னால், மூச்சு உருக்கிய பனி கண்ணாடிபோல் உறைந்திருந்தது. கொஞ்ச நேரம் உயிரோடு இருந்திருக்கிறான் என்று அதற்குப் பொருள். எவ்வளவு நேரம் என்று ஆர்லீன் கேட்டார். லெஸ்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "இத நீ கேக்காத ஆர்லீன்" என்றார்.

ஷெரீஃப் அலுவலகத்தில் கென்யன் வாக்குமூலம் கொடுத்தான். ஆர்லீன் அதை வாங்கிப் படித்தார். சரிவு, பீக்கன், எண்கள், வண்டி எல்லாம் இருந்தன. வாக்கி டாக்கியில் "தோண்டாத" என்று சொன்னது அதில் இல்லை. "நடுவுல கொஞ்ச நேரம் நானாகவே மரத்துப் பக்கம் தேடினேன்" என்று இருந்தது. ஆர்லீன் மறுநாளே ஷெரீஃபிடம் போய், உள்ளதைச் சொல்லி எழுதவைத்துவிட்டு வந்தார். கென்யனிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவனும் கேட்கவில்லை.

அதன் பிறகு சோதனைக் கருவியை, அதைக் கொடுத்திருந்த ஊர்ப் பனிவண்டி மன்றத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். சிலர் அது இருந்தால் சீக்கிரம் முடியுமே என்றார்கள். "அது பெட்டி இருக்கான்னுதான் சொல்லும். ஆள் இருக்கானான்னு சொல்லாது" என்றார். ஷவலும் கம்பியும் முதுகில், சரிவில் ஊதி ஆளை மேலே மிதக்கவைக்கும் காற்றுப்பை தோளில், பீக்கன் நெஞ்சில், செய்திக் கருவியும் நெஞ்சில். "வண்டியில இருக்கிறது வண்டிக்கு. உடம்புல இருக்கிறதுதான் உனக்கு." செய்தி அனுப்புகிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்வார். "நல்லா இருக்கேன்னு மட்டும் எழுதாத. அப்ப மணி என்னன்னு எழுது. படிக்கிறவங்களுக்கு அதுதான் வேணும்." இதைச் சொல்லும்போது மட்டும் எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்க்க மாட்டார்.

இந்த மார்ச்சில் ஒரு வியாழன், பத்து மணிக்கு, கென்யன் பள்ளிக்கூடச் சமையலறைக்கு வந்தான். ரொட்டிகள் உள்ளே வெந்துகொண்டிருந்தன. மாவு படிந்த மேசையைத் துடைத்துவிட்டு, கொண்டுவந்த மலை வரைபடத்தை விரித்தான். குறைந்த விரல்களால் ஓரங்களைப் பிடித்துக்கொண்டான். குழி இருந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தான்.

"கோடையில அங்க ஒரு கம்பம் நட்டு அவன் பேர் எழுதலாம்னு இருக்கேன். நான்தான் முன்னாடியே எறங்கிட்டேனே. சரியா எங்க கெடந்தான், நீ பாத்தியே."

"லெஸ்டர்கிட்ட கேக்கலியா?"

"கேட்டேன். உன்கிட்ட கேக்கச் சொன்னான்."

ஆர்லீன் கையைத் துணியில் துடைத்தார். ரொட்டியை வெளியே எடுக்க வேண்டிய நேரத்துக்கு இன்னும் நான்கு நிமிடம் இருந்தது. வரைபடத்தின் மேல் குனிந்து, பெருக்கல் குறியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

கென்யன் மெல்லச் சொன்னான். "சில நேரம் தோணும், ரொம்பப் பக்கத்துலயே இருந்திருப்பானோன்னு."

"இல்ல" என்றார் ஆர்லீன்.

கென்யன் காதில் செருகியிருந்த பென்சிலை அவரே உருவிக்கொண்டார். பெருக்கல் குறியிலிருந்து மேலே, பாறைகள் தொடங்குகிற இடத்துக்கும் மேலே, ஒரு சாண் தள்ளிப் பென்சில் முனையை ஊன்றினார். ஒரு வட்டம் போட்டார். போதாதென்று, அதே கோட்டின் மேல் இன்னொரு தடவை அழுத்திச் சுற்றினார்.