ஜபீனின் மாதுளை ஏடு

பொன்னேரி மார்க்கெட்டில் ஜூஸ் கடை போட்டிருக்கும் எல்லாருக்கும் ஜபீனைத் தெரியும். பழத்தை விட்டுவிட்டுத் தோலைக் கேட்கிற ஆள் அவள் ஒருத்திதான். "அக்கா, கொட்டையும் சேத்துக் கட்டட்டுமா?" என்று கிண்டலடித்துக்கொண்டே மாதுளைத் தோலைச் சாக்கில் அள்ளிப் போடுவார்கள். "நீ சிரிச்சிக்கினே போடு, ஆனா நெறைய போடு" என்று சொல்லிவிட்டு, சாக்கைத் தூக்கிக்கொண்டு கும்மிடிப்பூண்டி ரயிலுக்கு ஓடுவாள்.

பழவேற்காட்டில் காய்ந்த இறால் வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பெண் அவள். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, கும்மிடிப்பூண்டியில் ஒரு பெயின்ட் கம்பெனியின் லேபில் வேலை பார்த்தாள். அங்கேதான் அருணாவும் இருந்தாள். பொன்னேரிக்குப் பக்கத்துக் கிராமத்தில் நெல் பயிரிடும் வீட்டுப் பெண். ஒருநாள் ரயிலில் அருணா ஒரு முறுக்கு பாக்கெட்டைப் பிரித்தாள். கடித்தவள் முகத்தைச் சுளித்தாள். எண்ணெய்ச் சிக்கு வாடை.

"தூக்கிப் போடு" என்றாள் ஜபீன். அருணா முறுக்கை ஜன்னல் வழியாக வீசினாள். கவர் மட்டும் கையில் மினுமினுத்தது.

"முறுக்கு அல்ப ஆயுசுல பூட்ச்சி. இந்தக் கவர பாரேன், நம்மளையும் பொதைச்சிட்டு இதுமட்டும் இருக்கும்" என்றாள் ஜபீன்.

வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் அந்த நினைப்பு அவளை விடவில்லை. மண்ணில் மக்கிப்போகிற கவர், உள்ளே இருக்கிற பண்டத்தையும் சிக்குப் பிடிக்காமல் காக்கிற கவர்: இரண்டும் ஒன்றாக முடியாதா? மாதுளைத் தோலின் துவர்ப்புக்கு, காற்று பட்டு எண்ணெய் கெடுவதைத் தள்ளிப்போடும் குணம் உண்டு என்று அவள் படித்திருந்தாள். அருணா ஊர்ப் பக்கத்து ரைஸ் மில்லில் நொய்க்குப் பஞ்சமில்லை. நொய்யின் மாவுச்சத்தைக் கஞ்சியாகக் காய்ச்சி, தோலின் சாற்றை அதில் கலந்து, தட்டில் மெல்ல ஊற்றி உலர்த்தினால், டீ நிறத்தில் ஒரு மெல்லிய தாள் உரிந்து வரும். பாலில் படிகிற ஆடை மாதிரி இருந்ததால் அதற்கு 'ஏடு' என்றே பெயர் வைத்தார்கள். ஏடு உள்ளே, தேன்மெழுகு தடவிய காகிதம் வெளியே. அதுதான் பாக்கெட்.

வேலையை விட்டார்கள். இடம் கொடுத்தவர் ஜபீனின் தாய்மாமா சஹாபுதீன். பழவேற்காட்டில் இறால் குடோன் வைத்திருப்பவர். கும்மிடிப்பூண்டியில் பிளாஸ்டிக் பை போடுவதற்காக ஒரு ஷெட்டும் வைத்திருந்தார். பிளாஸ்டிக் தடை வந்ததிலிருந்து அது பூட்டிக் கிடந்தது. சாவியைக் கொடுக்கும்போதே நிபந்தனை போட்டார்.

"ஒரு ஆர்டர், ஒண்ணே ஒண்ணு புடிச்சிக் காட்டு. வெயில் காலம் முடியறவரைக்கும் டைம். இல்லாங்காட்டி ஷெட்ட இரும்புக் கழிவுக்காரருக்கு வாடகைக்கு உட்டுருவேன். அப்புறம் மாமா இன்னா இப்டி பண்ட்டியேன்னு வந்து நிக்கக்கூடாது."

"நிக்க மாட்டேன் மாமா. ஆர்டர் புடிச்சிக்கினுதான் வருவேன்."

பொன்னேரியில் முறுக்கும் தட்டையும் போட்டுச் சென்னைக் கடைகளுக்கு அனுப்பும் மணவாளன், ஒரு தடவை பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டார். அந்த வாரம் பார்த்து ஷெட்டில் கரென்ட் போய்ப் போய் வந்தது. உலர்த்தும் பெட்டி படுத்துவிட்டது. அருணா நடவுக்காக ஊருக்குப் போயிருந்தாள். ஜபீன் யோசிக்கவே இல்லை. கஞ்சித் தட்டுகளை ஆட்டோவில் ஏற்றிப் பழவேற்காட்டுக்குக் கொண்டுபோய், வீட்டு மாடியில் பரப்பினாள். காக்காய் வராமல் வலையும் போட்டு மூடினாள். அவள் வீட்டில் எதைக் காயவைப்பதானாலும் மாடிதான், அந்த வலைதான்.

காய்ந்த ஏட்டை மூக்கில் வைத்துப் பார்த்தாள். காட்டுப்பள்ளித் துறைமுகத்து வேலை முடிந்து வந்த கணவன் ஷாஹுலிடமும் நீட்டினாள்.

"வாடை எதுனா வருதா?"

"ஒண்ணும் இல்லியே" என்றான் அவன், மனதார.

அந்த ஏட்டில் கட்டிய முறுக்கை மணவாளன் தன் கடையிலேயே வைத்திருந்து, சொன்ன தேதியில் வேலையாட்களைச் சுற்றி நிறுத்திக்கொண்டு பிரித்தார். ஒன்றை ஒடித்தார். மொறுமொறுவென்று முறிந்தது. மூக்கருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"சிக்கு வாடை துளி இல்ல" என்றார்.

ஜபீன் மூச்சு விட்டாள்.

"ஆனா எறா வாடை அடிக்குதே! இன்னாம்மா இது? சுத்த சைவம்னு போர்டு போட்டு முறுக்கு விக்கிறேன். கஸ்டமர் என்னைக் கருவாட்டு மார்க்கெட்டுக்கே தொரத்திருவான்!"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த வலைக்குக் கீழே போன வாரம்வரை இறால் காய்ந்தது. பிறந்ததிலிருந்து அந்த வாடையிலேயே வளர்ந்த மூக்குக்கு அது வாடையாகவே படவில்லை. ஷாஹுலுக்கும் அதே ஊர், அதே மூக்கு.

விஷயம் தெரிந்து வந்த அருணா தலையில் அடித்துக்கொண்டாள். "மூக்கே இல்லாத ஜென்மங்க ரெண்டு பேரு சேந்து மோந்து பாத்தீங்களாக்கும்? என்னக் கூப்புட்டா ஓடி வந்திருக்க மாட்டேன்?" பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது. ஜபீனுக்குச் சிரிப்பு வரவில்லை. வெயில் காலம் முடிய அதிக நாள் இல்லை. இரும்புக் கழிவுக்காரர் ஒருதரம் வந்து ஷெட்டை அளந்துவிட்டும் போயிருந்தார்.

ரயிலில் திரும்பும்போது அருணாதான் பேச்சை எடுத்தாள். "முறுக்குக்கு எறா வாடை ஆவாது, சரி. எறாவுக்கு எறா வாடை ஆவாதா?"

ஜபீன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். காய்ந்த இறாலும் எண்ணெய்ப் பசையுள்ள பண்டம்தானே! அக்கினி வெயிலில் மாமாவின் குடோனில் அது மஞ்சளடித்துக் காறிப்போவதை அவள் வருஷா வருஷம் பார்த்திருக்கிறாள்.

அன்றே குடோனுக்குப் போய், மாமா கண்ணெதிரே ஒரே குவியலிலிருந்து இறால் அள்ளினாள். பாதியை அவருடைய தடித்த பிளாஸ்டிக் கவரில் கட்டினாள், பாதியை ஏட்டில் கட்டினாள். இரண்டையும் தகரக் கூரைக்கு நேர் கீழே, அனல் இறங்குகிற பலகையில் ஏற்றிவைத்தாள். "கஞ்சிக் காயிதத்துல எறாவா? நல்லா வெளையாடு!" என்று சிரித்தார் சஹாபுதீன்.

வெயில் காலம் முடிந்து, இரும்புக் கழிவுக்காரர் அட்வான்ஸோடு வந்த காலையில், குடோனில் ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். ஜபீன் இரண்டு முறங்களில் இறாலைக் கொட்டி மாமா முன் வைத்தாள்.

"எது எதுன்னு சொல்ல மாட்டேன். கண்ண மூடிக்கினு கை போடு."

பழவேற்காட்டு வியாபாரிகள் சரக்கெடுக்கும் முறை அதுதான். கண்ணை மூடி ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்ப்பார்கள். கை சொன்ன பிறகு வாய் மறுத்துப் பேசக்கூடாது. சஹாபுதீன் முதல் முறத்தில் கை போட்டார். மோந்ததும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்.

"சீ! காறிப்போன சரக்கு. பூனகூட மோக்காது."

கையைத் துடைத்துக்கொண்டு இரண்டாவதை அள்ளினார். தேய்த்தார், மோந்தார், மறுபடியும் மோந்தார்.

"இது நேத்துக் காஞ்சது. யாரு எறக்கின சரக்கு? இன்னும் எவ்ளோ கீது?"

"கண்ணத் தொற மாமா. ரெண்டும் உன் குவியல்தான். பூன மோக்காதது உன் கவரு. நேத்துக் காஞ்சதுன்னு சொன்னியே, அது என் ஏடு."

இரண்டாவது முறத்தில் இறால் செம்பருத்தி நிறத்தில் கிடந்தது. ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். சஹாபுதீன் இரண்டு முறங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இரும்புக் கழிவுக்காரர் பக்கம் திரும்பினார்.

"பாய், டீ சாப்ட்டீங்களா?"

"ஆச்சு பாய்."

"அப்போ கெளம்புங்க. ஷெட்டுல ஆள் கீது."

பிறகு மருமகளிடம், யாருக்கும் கேட்காத மாதிரி எல்லாருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்: "மொத ஆர்டர் நான்தான். மழைக்கி முன்ன குடோனுக்கு மொத்தமும் இதுலதான் கட்டணும். சாவி உங்கிட்டயே இருக்கட்டும்."

உலர்த்தும் பெட்டியைச் சரிசெய்து, இந்தத் தடவை ஷெட்டுக்குள்ளேயே உலர்த்தி, அருணா மோந்து பார்த்து ஒப்புக்கொண்ட ஏட்டில் கட்டிய முறுக்கு மணவாளனுக்கும் போனது. அவர் வாசனை பார்த்து, கடித்து, இன்னொன்றையும் எடுத்துக் கடித்தார். பாக்கெட் காலியான பிறகுதான் பேசினார். "தீவாளிக்கு ரெடி பண்ணிருவீங்களா?"

இப்போது ஷெட் வாசலில் ஒரு குழாயும் சோப்பும் இருக்கின்றன. பழவேற்காட்டிலிருந்து யார் வந்தாலும் கை கழுவாமல் உள்ளே கால் வைக்க முடியாது. ஜபீனுக்கும் அதே சட்டம்தான். சரக்கு கேட்டு வந்த சஹாபுதீன், தன் சொந்த ஷெட்டின் வாசலில் நின்று கையைத் தேய்த்துக் கழுவி, இரண்டு உள்ளங்கைகளையும் அருணா முன் நீட்டினார்.

"மோந்து பாரும்மா. உள்ள வர்லாமா?"

அருணா குனிந்து மோந்தாள்.

"இன்னொரு தபா சோப்பு போடுங்க மாமா."

உள்ளே ஜபீன் சிரிக்கும் சத்தம் கேட்டது. சஹாபுதீன் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி குழாயைத் திறந்தார்.