பன்றி நாக்கில் சவ்வரிசி

எங்கள் ஊர்ப்பக்கம் காஜா பெராங்கிலிருந்து பத்து பெரெண்டாம் வரை சலித்தெடுத்தாலும் பொன்னுதுரை அண்ணனைப்போல் பன்றிப் புழுவை அறிந்த ஆள் கிடையாது. புழுக்களே தங்கள் குடும்பச் சண்டையை அவரிடம்தான் தீர்த்துக்கொள்ளும். சுடப்படும் காட்டுப்பன்றி, "பொன்னுதுரை ஊரில் இருக்கிறாரா?" என்று விசாரித்துவிட்டுத்தான் சாகும். என் அக்கா சீதாவைக் கேட்டால் இன்னும் கூடச் சொல்வாள்.

மனிதர் ஒருகாலத்தில் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பாட்டில் கழுவியவர். அங்கிருந்து வந்த பிடி உடைந்த பூதக்கண்ணாடி ஒன்று அவரிடம் உண்டு. மருதமுத்து மாமா ஆயர் குரோ காட்டுப்பக்கம் பன்றி சுட்டு வந்தால் இவர் பார்க்காமல் கறி பங்கு போடமாட்டார்கள். நாக்கைப் புரட்டி அடியில் கட்டைவிரலால் தடவுவார். ஊறிய சவ்வரிசிபோல் மணிமணியாகத் தட்டுப்பட்டால் முழுப் பன்றியும் குழிக்குள் போகும். சுத்தமாக இருந்தாலும் விடமாட்டார். "கண்ணுக்குத் தெரியாத புழுவும் இருக்கும். உள்சிவப்பு போறவரைக்கும் வேக வைங்க" என்று வீடு வீடாகச் சொல்வார்.

அக்கா கறியை விறகுக்கட்டையாகும்வரை வேகவைப்பாள். கேட்டால், "அவங்க சொன்னாங்கடா."

அவங்களாம்! அம்மா போனபின் எங்கள் வீட்டில் முதல் துண்டு என் தட்டில்தான் விழும். இப்போது எது செய்தாலும் முதலில் அவருக்கு ஒரு கிண்ணம். கொண்டுபோய்க் கொடுப்பதும் நான்தான்.

மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு முந்தின ஞாயிறு, தெரு விருந்துக்காக மாமா பெரிய பன்றியாக வீழ்த்தியிருந்தார். காலையில் அக்கா சவ்வரிசிப் பாயசம் செய்திருந்தாள். அவருக்குக் கொண்டுபோன கிண்ணத்திலிருந்தே ஆறு மணிகளை எடுத்துக் கழுவி, பன்றி நாக்கின் அடியில் பிளேடால் கீறிச் செருகிவிட்டேன். அவர் "புழு" என்றதும், "அது எங்க வீட்டுப் பாயசம்!" என்று தெருவே சிரிக்கக் கத்தவேண்டும். அக்காவும் கேட்கவேண்டும். அதுதான் திட்டம்.

அவர் நாக்கைப் புரட்டினார். தடவினார். கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"என்ன தம்பி, பொதைக்கணுமா?" மாமாவின் குரல் இறங்கிவிட்டது.

ஒரு மணியை எடுத்து முகர்ந்தார். பிறகு நாக்கை ஆழமாக அறுத்தார். கன்னத்தையும் தொடையையும் அறுத்துப் பார்த்தார். "கறி சுத்தம் மாமா. பங்கு போடுங்க. நாக்கு மட்டும் எனக்கு."

அவர் "புழு" என்று சொல்லவே இல்லை; நான் கூட்டத்துக்குப் பின்னால் நழுவினேன்.

குழாயடியில் கத்தி கழுவும்போது என்னைக் கூப்பிட்டார்.

"புழுன்னா உள்ள வெள்ளையா ஒரு பொட்டு இருக்கும்டா. தேங்காய்ப்பால் வாசமும் வராது."

"அக்காகிட்ட சொல்லப்போறீங்களா அண்ணே?"

"கைய முதல்ல சோப்பு போட்டுக் கழுவு." கத்தியைத் துடைத்தார். "காலையில நீ கொண்டாந்த கிண்ணத்துல விரல் தடம் இருந்திச்சு. பாவம், நீ பசியில தின்னுட்டியோன்னு நெனச்சேன். மிச்சத்த உனக்குன்னு மூடி வெச்சிருக்கேன், போய்ச் சாப்பிடு."