பஸ்ஸில் போன படிகம்

போன வாரம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில், உள்ளங்கைக்குள் எதையோ பொத்தி நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஓர் ஆள் நின்றதைப் பார்த்தீர்களா? அது நான்தான்.

பல்கலைக்கழக வேதியியல் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. கண்ணாடிச் சாமான் கழுவுவது, சிலிண்டர் மாற்றுவது... ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அதுவே பெரிய உலகம். அன்று கையில் இருந்தது விரல் நீளக் குப்பி. அதற்குள் செல்வியின் பிஎச்.டி!

செல்வி எங்கள் ஆய்வு மாணவி. ரெட்டியார்சத்திரம் பக்கம் தக்காளி போடும் குடும்பம். அவள் உருவாக்கிய புதுப் பொருள் ஒரு வருஷமாகப் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டே கிடந்தது. படிகமானால்தான் எக்ஸ்ரே மெஷினில் வைத்து அதன் அமைப்பைப் பார்க்க முடியும். பார்த்தால்தான் கட்டுரை. கட்டுரை வந்தால்தான் பட்டம்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும் அவசரத்தில் குப்பியின் மூடியைச் சரியாகத் திருகாமல் போய்விட்டாள். வந்து பார்த்தால் — திரவம் மெல்ல ஆவியாகி, அடியில் மஞ்சள் மஞ்சளாக ஊசிப் படிகங்கள்! லேபே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. யாரும் மேஜையைத் தொடவில்லை.

மெஷின் இருப்பதோ மதுரையில். குலுங்கினால் ஊசி முறியும். மிச்சத் திரவம் சிந்தினால் படிகம் காய்ந்து தூளாகிவிடும்.

"அண்ணே, நான் பிடிச்சா சிந்திருவேன். நீங்க பிடிச்சுக்கங்க, நான் கூட வாரேன்" என்றாள்.

பஸ்ஸில் நான் உட்காரவில்லை. சீட் தூக்கிப் போடும். முழங்காலைத் தளர்த்தி, கம்பியில் சாய்ந்து நின்றேன். பூக்கூடையோடு இருந்த ஓர் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்ப்பா, சீட்டு காலியாத்தான கெடக்கு? கையில என்ன, மருந்தா?"

நான் குப்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. செல்விதான் சொன்னாள். "இல்லக்கா, உப்பு மாதிரி ஒண்ணு. உடைஞ்சா என் படிப்பு போச்சு."

"உப்புக்கா இம்புட்டு பந்தோபஸ்து?" என்று சிரித்தவர், அடுத்த வேகத்தடையில் பஸ் எகிறியதும் டிரைவரைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏப்பா, செத்த பைய போ. இங்க ஒரு பிள்ளை படிப்பு ஆடிக்கிட்டு இருக்கு."

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு மதுரை வரை பஸ் தொட்டில் மாதிரி போனது. ஒருவர்கூட அவசரப்படுத்தவில்லை. அந்தப் பஸ்ஸில் யாருக்கு வேதியியல் தெரியும்? ஒரு பிள்ளையின் படிப்பு என்றால் எல்லோருக்கும் தெரிகிறது.

மெஷின்காரர் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, ஓர் ஊசியை எடுத்துப் பொருத்தினார். நாங்கள் திரையையே பார்த்தோம். முதலில் வெறும் கறுப்பு. பிறகு ஒரு புள்ளி... இன்னொன்று... வானம் பூத்த மாதிரி புள்ளிகள்!

"அருமையான படிகம்மா. அமைப்பு கிடைச்சுரும்" என்றார்.

செல்வி வெளியே ஓடிப்போய் அப்பாவுக்குப் போன் போட்டாள். "அப்பா... வந்துருச்சுப்பா." அவர் என்ன வந்தது என்று கேட்டிருப்பார் போல. விளக்கத் தொடங்கி, பாதியிலேயே போனை என்னிடம் நீட்டிவிட்டாள்.

அணு, அமைப்பு, எக்ஸ்ரே... இதையெல்லாம் விளக்க நான் எங்கே போவேன்?

"பிள்ளை பாஸாயிருச்சுங்க" என்றேன்.