வலைக்கொட்டகைக்கு நான் இழுத்த வயர்

என் தம்பியின் மகள் இப்போது அவனோடு பேசுவதில்லை. அதற்குக் காரணம் நான்தான். வேறு யார் தலையிலும் பழியைப் போட முடியாது.

தம்பி சங்கு குளிக்கப் போனவன். வள்ளத்தில் கம்ப்ரசர் ஓடும், இவன் காற்றுக் குழாயை வாயில் கடித்துக்கொண்டு கடலடியில் சங்கு பொறுக்குவான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் ஆழத்திலிருந்து வேகமாக மேலே ஏறிவிட்டான். அப்படி ஏறினால் ரத்தத்தில் காற்றுக் குமிழி அடைத்துக்கொள்ளுமாம். கரைக்கு வந்து சேர்வதற்குள் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை நேர்ச்சை! ஒன்றும் பலிக்கவில்லை. எங்கள் வீட்டு வாசலுக்கு ஏழு படி. தினமும் அவனைத் தூக்கி ஏற்றி இறக்க யாரால் ஆகும்? மூத்திரப் பையும் நாற்றமுமாக நடுவீட்டில் கிடக்க மாட்டேன் என்று அவனும் ஒற்றைக்காலில் நின்றான். ஒற்றைக்காலில் நின்றான் என்று எழுதுகிறேன் பாருங்கள், என் வாயில் அடுப்புக்கரியைத்தான் வைத்துத் தேய்க்க வேண்டும். கடைசியில் கொல்லையில் இருந்த வலைக்கொட்டகையில் கட்டில் போட்டோம். நாலு பக்கமும் தகரம், கூரையும் தகரம்.

அவன் பெண்டாட்டியை நான் குறை சொல்ல மாட்டேன். அவனுக்கு இப்படி ஆனபிறகு, பக்கத்தில் தருவைகுளத்தில் தன் அம்மா வீட்டில் இருந்துகொண்டு மீன் கம்பெனி வேலைக்குப் போகிறாள். மாசம் ஒருதடவை தனியாக வந்து அவனைப் பார்த்துவிட்டுப் போவாள். பிள்ளையைக் கூட்டி வரக் கூடாது என்று சொன்னது தம்பிதான். அவனுக்கு அடிபட்டபோது பிள்ளைக்கு நாலு வயசு. அப்பா கப்பல் வேலைக்குப் போயிருக்காங்க என்று சொல்லிவைத்தோம். தூத்துக்குடியில் அதை நம்பாத பிள்ளை உண்டா? தெருவுக்கு நாலு அப்பாமார் கப்பலில்தான் இருக்கிறார்கள். நானும் அந்தப் பொய்க்கு உடந்தை. தையல்காரி ஆயிற்றே! அவள் பிறந்தநாளுக்குக் கவுன் தைத்து, கழுத்தில் ஒரு வெளிநாட்டு லேபிளையும் சேர்த்துத் தைத்து, அப்பா கப்பலிலிருந்து அனுப்பியது என்று கொடுத்துவிட்டேன்.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டு பேரும் வீடியோவில் பேசுவார்கள். ஐந்தரைக்கே இவன் தலை சீவி, சட்டை மாட்டி, முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார்ந்துவிடுவான். அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் அவன் சோறு தின்றான், மாத்திரை விழுங்கினான். அது இல்லை என்றால் என்ன செய்துகொள்வானோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

நெட் டப்பா இருந்ததோ வீட்டு முன்னறையில். இரண்டு சுவர் தாண்டி, முற்றம் தாண்டி, தகரத்துக்குள் நுழைவதற்குள் அதற்கு உயிர் போய்விடும். படம் கட்டம் கட்டமாக உடையும். பேச்சு பாதியில் நிற்கும். "கப்பல் நடுக்கடல்ல போகுதுல்லா, அப்படித்தான் இருக்கும்" என்று பிள்ளையின் அம்மா சமாளிப்பாள். ஒருநாள் பிள்ளை கேட்டது: "அப்பா, உங்க மூஞ்சி எப்படி இருக்கும்? எனக்கு மறந்து போச்சு."

அன்றைக்கு அவன் தட்டைத் தொடவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் சரி பண்ணுதேன்ல" என்றேன்.

"வேண்டாம்க்கா. இருக்கிறபடி இருக்கட்டும்."

"வாய மூடுல. பெத்த பிள்ளைக்கு அப்பன் மூஞ்சி மறந்து போச்சுங்கு, இவன் இருக்கட்டுங்கான்!"

கடைக்குப் போய், சிக்னலைத் தூரத்துக்கு நீட்டும் என்று சொன்ன ஒரு டப்பாவை வாங்கி வந்து அவன் கட்டில் பக்கத்திலேயே மாட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்ததுதான் மிச்சம். விடுவேனா? மறுநாளே போய்ச் சண்டைக்கு நின்றேன். கடை அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார், "ஏம்மா, சிக்னலே எட்டாத இடத்துல வச்சா அது எதை நீட்டும்? அதுவும் தகரத்துக்குள்ள! பேசாம வீட்டுல இருந்து வயர் இழுத்து, கொட்டகைக்குள்ள இன்னொரு ரூட்டர் வச்சிருங்க." எனக்கு முகம் செத்துவிட்டது. அவர் சொன்ன வயரையும் ரூட்டரையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

முற்றத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு நானே மண்வெட்டியால் கொத்தினேன். உப்புத் தண்ணீர் ஊறுகிற மண், வயரை வெறுமனே புதைத்தால் தாங்காது. மேலே எதையாவது மாட்ட வேண்டும். கொட்டகை மூலையில் தம்பியின் பழைய காற்றுக் குழாய் சுருண்டு கிடந்தது. எடுத்து, கத்தியால் நீளவாக்கில் கிழித்தேன். அவன் கட்டிலில் கிடந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நல்லாக் கிழி அக்கா" என்றான்.

வயரைக் குழாய்க்குள் வைத்து நூலால் சுற்றிக் கட்டி, மண்ணைத் தள்ளி மூடினேன். தகரத்தில் ஓட்டை போட்டு உள்ளே இழுத்தேன். ரூட்டரில் சொருகியதும் பச்சை விளக்கு எரிந்தது. அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல? இடுப்பு ஒடிந்துபோயிருந்தது, உள்ளங்கை இரண்டும் கொப்பளம். ஆனாலும் ஆறு மணி எப்போது அடிக்கும் என்று அவனைவிட நான்தான் துடித்தேன்.

மணி ஆறு. கூப்பிட்டான். பிள்ளையின் முகம் அப்படியே தெரிந்தது, விழுந்த முன்பல்லின் ஓட்டை உட்பட. "அப்பா!" என்று கூவினாள். "அப்பா, நீங்க மெலிஞ்சு போய்ட்டீங்க!" அவன் சிரித்தான். இரண்டு வருஷத்தில் அப்படி அவன் சிரித்து நான் பார்த்ததில்லை.

அதுவரை ஒருநாளும் அவர்கள் பேசும்போது நான் அந்த போனுக்கு முன்னால் போனதில்லை. அன்றைக்கு எனக்குப் புத்தி எங்கே போயிற்றோ! என் வேலை, என் வயர் என்ற பெருமையில் அவன் தோளுக்கு மேலே தலையை நீட்டி, "ஏளா, அப்பா மூஞ்சி நல்லாத் தெரியுதா?" என்று கேட்டுவிட்டேன்.

"அத்தை!" என்றாள். "நீங்களும் கப்பல்லயா இருக்கீங்க?"

அவள் கண் மெதுவாக எங்களுக்குப் பின்னால் போயிற்று. நாலு வயசு வரை வலைக்குவியல் மேல் ஏறிக் குதித்து அவள் விளையாடிய இடம்தானே அது! "இது நம்ம கொட்டகைல்லா? கப்பல் வந்துருச்சா அப்பா? பின்ன ஏன் என்னப் பாக்க வரல?"

உண்மையைச் சொல்ல நான் வாயெடுத்தேன். தம்பி என் கையை இறுக்கிப் பிடித்து அமுக்கினான். "நாளைக்கு வாரேன் தாயி" என்றான்.

மறுநாள் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை. அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். பஸ் வரும்போதெல்லாம் எழுந்து நின்றிருக்கிறாள். சோற்றுக்கு உள்ளே கூப்பிட்டும் போகவில்லையாம். சாயங்காலம் அவள் அம்மா போன் பண்ணி, "என்ன வேலை செஞ்சு வச்சிருக்கீங்க மைனி!" என்று அழுதாள்.

அதற்குப் பிறகும் ஆறு மணிக்கு இவன் கூப்பிடுகிறான். அம்மாதான் எடுக்கிறாள். பிள்ளை வர மாட்டேன் என்கிறாள். "பக்கத்துலயே இருந்துக்கிட்டு வராத அப்பா எனக்கு வேண்டாம்" என்று அவள் உள்ளேயிருந்து கத்துவது இங்கே தெளிவாகக் கேட்கிறது.

"நானே தருவைகுளம் போயி அவகிட்ட எல்லாத்தையும் சொல்லுதேன்ல" என்றேன் நேற்று. "ஆறு வயசுப் பிள்ளைக்குச் சொன்னா விளங்காதா?"

"காலு போன அப்பன்னு அவ அழ வேண்டாம்க்கா. வராத அப்பன்னு ஏசிக்கிட்டே வளரட்டும்."

"அப்ப நான் என்னதான் செய்யட்டும்?"

"நீ தலைய நீட்டாம இரு, போதும்" என்றான்.

கோபத்தில் சொல்லியிருந்தாலாவது பதிலுக்கு நாலு ஏச்சு ஏசியிருப்பேன். அவன் கெஞ்சினான்.