மயிலிட்டிப் பலகையின் ஒற்றை லைன்

ஆடி அமாவாசைக்கு முந்திய திங்கட்கிழமைக்குள் அவன் என் பெயரை எடுத்துவிட்டிருந்தான். அன்று காலை, காங்கேசன்துறைக்கு ரயில் ஓடத் தொடங்கியது பற்றிய என் பதிவில் மாதத்தைப் பிழையாகப் போட்டிருந்ததைத் திருத்தப் போனபோதுதான் கண்டேன். பதிவு அப்படியே இருந்தது, பிழை உட்பட. எழுதியவர் என்ற இடத்தில் மட்டும் அவனுடைய பெயர்.

அவன் மிஷன் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவன். பிறகு அங்கேயே மாஸ்ரராக இருந்து ஓய்வு பெற்றவன். மயிலிட்டியில் திருத்திக் கட்டிய வீட்டில் ஓர் அறிவித்தல் பலகை நடத்துகிறான். இணையத்துக்கு முந்திய காலத்து வழக்கம் அது. ஒருவர் வீட்டுக் கணினியை மற்றவர்கள் தொலைபேசி வழியாகக் கூப்பிட்டு, அதில் கிடப்பதை வாசிப்பார்கள், தாங்களும் எழுதுவார்கள். இணையம் வழியாக விட்டால் அது பலகையே இல்லை என்பான் அவன். பழைய கணினி, பழைய மொடெம், செப்புக் கம்பி. ஆகவே ஒரே லைன். ஒருவர் உள்ளே இருந்தால் மற்ற எல்லோருக்கும் எங்கேஜ். அதற்காகவே எல்லோருக்கும் நேரக் கட்டுப்பாடு வைத்திருந்தான். நேரம் முடிந்ததும் கணினி தானே வெட்டிவிடும். எனக்கு மட்டும் கட்டுப்பாடு இல்லை. நான் நீளமாக எழுதுகிறவன்.

அந்தத் திரையில் தமிழ் எழுத்து வராது. தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும். அப்படி அடித்தே துறைமுகம், சிமெந்துத் தொழிற்சாலை, போருக்குப் பின் மயிலிட்டிக்குச் சனம் திரும்பி வந்த நாட்கள் எல்லாவற்றையும் கோயில் கல்வெட்டோடும் தேவாலயப் பதிவோடும் ஒத்துப்பார்த்து ஏற்றியிருந்தேன். அவன் ஏற்றியது வாழ்த்துச் செய்திகள்.

தொலைபேசியில் கேட்டேன்.

"எழுதினது நீர்தான், ஆர் இல்லையெண்டது?" என்றான். "ஆனால் காணும், பலகை என்ரை, லைன் என்ரை. சனிக்கிழமை பழைய மாணவர் விழாவிலை காட்டப்போறன். மேடையிலை ஒரு பேர் நிண்டால்தான் வடிவு. நீரும் வாரும், முன் வரிசையிலை இருத்துறன்."

"ஓம், வாறன்" என்றேன்.

என் பெயரை எல்லாப் பதிவிலும் தேடித் தேடி எடுத்தவன், எனக்குக் கொடுத்த கட்டுப்பாடில்லாத நேரத்தை எடுக்க மறந்திருந்தான்.

சனிக்கிழமை என் மனைவி விழாவுக்குப் போனாள். அவளும் பழைய மாணவிதான். நான் கொடிகாமத்தில் வீட்டிலிருந்து மயிலிட்டியைக் கூப்பிட்டு உள்ளே போய், என் பதிவுகளை முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். இடையிடையே ஒரு விசையைத் தட்டிக்கொண்டால் போதும், லைன் என்னுடையது.

பின்னேரம் கைபேசி அடித்தது.

"இஞ்சாருங்கோ, மாஸ்ரர் மேடையிலை நம்பர் போடுறார். கேளுங்கோ."

கைபேசியை அவள் உயர்த்திப் பிடித்திருக்க வேண்டும். அவன் மேடைக்குக் கொண்டுபோன மொடெமின் சத்தம் ஒலிபெருக்கியில் மண்டபம் முழுக்கக் கேட்டது. எங்கேஜ். திரும்பவும் போட்டான். எங்கேஜ். பின்வரிசையில் ஒரு குரல், "மாஸ்ரர், உங்கடை வீட்டிலை ஆரோ வலு கதை போலை!" மண்டபம் சிரித்தது. கம்பியைப் பிடுங்கச் சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லை. அவன் மனைவி புதுச் சேலையோடு முன் வரிசையில், பூட்டிய வீட்டின் திறப்பு அவளுடைய கைப்பையில்.

அவனுடைய அழைப்பு என் கைபேசிக்கு வந்து வந்து போனது. எடுக்கவில்லை.

மானம் காக்க அவன் விருந்தினரை வான் வண்டியில் ஏற்றி மயிலிட்டிக்கே கூட்டிப் போனான். என் மனைவியும் ஏறிக்கொண்டாள். வீட்டுக்குப் போனது அவனுக்கு இன்னும் கேடு. கூப்பிட்டவர் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும் பலகைக் கணினியின் திரையில் ஓடும். "வந்திட்டம்" என்று அவள் கைபேசியில் சொன்னதும் அடித்தேன்: இதையெல்லாம் எழுதியவன் கொடிகாமத்தில் இருக்கிறான்.

அங்கிருந்து அவன் எழுத்துகள் ஒவ்வொன்றாக என் திரையில் வந்தன. "லைனை வையும் காணும். ஆக்கள் நிக்கினம்."

"நிக்கட்டும். என்ரை பேரைப் போடும்."

லண்டனிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் அதை உரக்க வாசித்து, "உது ஆர்?" என்று கேட்டாராம்.

"என்ரை மனுசன்" என்றிருக்கிறாள் என் மனைவி. "உவ்வளவும் அவர் எழுதினது. மாஸ்ரரைக் கேளுங்கோ, இல்லையெண்டு சொல்லட்டும்."

அவன் கம்பியைப் பிடுங்கினான். என் திரையில் குப்பை எழுத்துகள் சிதறி, நின்றுபோயின. அவ்வளவு அழகான குப்பையை நான் கண்டதில்லை.

ஞாயிறு காலை கூப்பிட்டேன். எல்லாப் பதிவிலும் என் பெயர் திரும்பியிருந்தது. பெரியவர் வான் புறப்படுமுன், பெயரைத் திருப்பிப் போடச் சொல்லிவிட்டுத்தான் போனாராம். மாதப் பிழையைத் திருத்தினேன். திருத்தி முடித்ததுமே லைன் வெட்டுப்பட்டது. எனக்கும் நேரக் கட்டுப்பாடு வந்துவிட்டது, மற்றவர்களுக்கு உள்ளதிலும் குறைவாக.

இருக்கட்டும். வெட்டினால் மறுபடி கூப்பிடலாம், அதற்குக் கட்டுப்பாடு இல்லை. மார்கழியில் கொழும்பிலிருந்து ஆட்கள் பலகையைப் பார்க்க வருகிறார்களாம். எந்த நாள் என்று அவன் எனக்குச் சொல்லவில்லை. நான் விசாரித்து வைத்திருக்கிறேன்.