சுரங்க நூலகத்தில் துளசி

போன மாதம் எடமலைப்பட்டி புதூரில் ஒரு கிரகப்பிரவேசம். தூரத்து உறவு. கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் கண்ணாடித் தட்டில் ஒரு கல்லை வைத்து, அடியில் குட்டி விளக்கும் போட்டிருந்தார்கள். குறுக்கே அறுத்து மெருகேற்றிய நத்தைக்கல்; எந்தக் காலத்திலோ கல்லாகிப்போன கடல் நத்தை. உள்ளே சுருள் சுருளாக அறைகள். "ஷோ பீஸ் மாமி, நன்னாருக்கா?" என்றாள் வீட்டுக்காரப் பெண். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. இந்த வயதிலும் வெட்கம் எனக்குக் காதில்தான் ஆரம்பிக்கிறது. பாயசத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். அதில் சர்க்கரை கொஞ்சம் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த மாதிரிக் கல்லை நான் முதலில் பார்த்தது ஐம்பதுகளின் கடைசியில், ஒரு சுரங்கக் கல்லூரியின் நூலகத்தில். அரியமங்கலம் போகிற வழியில் பழைய பங்களா ஒன்றில் கல்லூரி நடந்தது. மாடி முழுக்க நூலகம். அங்கே நான் உதவியாளர். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். எங்கள் தெருவில் வேலைக்குப் போன முதல் பெண் நான்தான் என்று அம்மா பாதிப் பெருமையும் பாதிக் கவலையுமாகச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அந்த நூலகம் பிறந்த கதையே வேடிக்கை. வெள்ளைக்காரச் சுரங்கக் கம்பெனி ஒன்று கடையைக் கட்டிக்கொண்டு கிளம்பியபோது, அதன் ஆபீஸில் இருந்த புத்தகங்களைக் கல்லூரி மொத்தமாக வாங்கிவிட்டது. தேயிலைப் பெட்டிகளில் அடைத்து கூட்ஸ் வண்டியில் வந்து இறங்கியவை. அதனால் வெடிமருந்து பற்றிய புத்தகத்தைத் திறந்தாலும் டீத்தூள் வாசனைதான் வரும். சுரங்கத்துக்குள் மரம் முட்டுக்கொடுப்பது எப்படி, தண்ணீரை இறைப்பது எப்படி, விஷவாயுவைக் கண்டுபிடிப்பது எப்படி என்று தடித் தடியாக இருக்கும். தகரக் குழாய்களில் சுருட்டிய வரைபடங்கள் தனி. நிலக்கரிக்குக் கறுப்பு, சுண்ணாம்புக்கல்லுக்கு நீலம் என்று பூமியை அடுக்கடுக்காக அறுத்துக் காட்டுபவை. சுரங்க விபத்து அறிக்கைகளுக்கென்று ஒரு அலமாரி இருந்தது. அதன் பக்கம் நான் தனியாகப் போக மாட்டேன். ஒவ்வொரு புத்தகத்தின் பெயரையும் ஓர் அட்டையில் டைப் அடித்து அடுக்குவது என் வேலை.

நூலகர் ஆரோக்கியசாமி சார். சர்ச்சுக்குப் போகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் நூலகத்திலேயே இருப்பார். சேர்ந்த முதல் வாரம் அவர் என்னைக் கூப்பிட்டு, மூலையில் இருந்த பெரிய மர பீரோவைக் காட்டினார். "இதுல நம்ம பக்கத்துக் கல்லெல்லாம் இருக்கும்மா. அரியலூர்ப் பக்கம் எடுத்தது. தூசி தட்டி வைங்க" என்றார்.

தரையை ஒட்டியிருந்த கடைசி இழுப்பறையை இழுத்தேன். வரிசையாகச் சக்கரங்கள்! எங்கள் வீட்டுப் பெருமாள்! அப்பா தினமும் தீர்த்தமாட்டி, சந்தனம் சாத்தி, துளசி சேர்த்து ஆராதிக்கிற சாளக்கிராமத்தில் இருக்கிற அதே சக்கரம். இங்கே பெருமாள் செருப்புக் கால்கள் நடக்கிற தரைக்கு ஒரு சாண் உயரத்தில் இருந்தார்.

எங்கள் வீட்டில் பெண்கள் சாளக்கிராமத்தைத் தொடக் கூடாது. நான் அதுவரை தொட்டதே இல்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து, மேல் இழுப்பறைக்கு மாற்றினேன். மறுநாள் முதல் வீட்டுத் துளசி மாடத்திலிருந்து நாலு இலை டிபன் டப்பா மூடிக்குள் ஒளிந்துகொண்டு என்னோடு பஸ் ஏறியது.

ஆரோக்கியசாமி சார் பார்த்துவிட்டார். திட்டவில்லை. "துளசி காஞ்சா பூச்சி வரும். சாயங்காலம் ஞாபகமா எடுத்துடும்மா" என்றதோடு சரி.

ஒருநாள் எடுக்க மறந்துவிட்டேன். மறுநாள் காலையில் டெல்லியிலிருந்து கல்லூரியைப் பார்வையிட ஒரு குழு வந்துவிட்டது. எங்கள் முதல்வர், தங்கச் சுரங்கத்தில் மேனேஜராக இருந்தவர், அவர்களை நேரே அந்த பீரோவிடம் அழைத்துப் போய்ப் பெருமையாக மேல் இழுப்பறையைத் திறந்தார். கல்லுக்குக் கல் வாடிய துளசி. வந்தவர்களில் ஒருவர் ஓர் இலையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, இதுவும் அந்தக் காலத்துச் செடியா என்று இங்கிலீஷில் கேட்டார்.

"யார் செஞ்சது?" என்றார் முதல்வர். நான் எழுந்து நின்றேன். காரணம் கேட்டார். "சாளக்கிராமம் சார்" என்று எப்படியோ சொன்னேன். கனிமவியல் விரிவுரையாளர் ராஜமாணிக்கம் நல்ல மனிதர்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது. "இது செத்த நத்தைங்க. நீங்க நத்தைக்குப் பூஜை பண்ணியிருக்கீங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். டெல்லிக்காரர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னதும் மறுபடி ஒரு சுற்றுச் சிரிப்பு. என்னைப் பார்த்து மட்டுமா சிரித்தார்கள்? எங்கள் வீட்டுப் பூஜை அறைக்குள் செருப்போடு நுழைந்து சிரித்த மாதிரி இருந்தது.

அவர்கள் போனதும் முதல்வர் சொன்னார்: "நாளைக்கு உங்க அப்பாவ அழைச்சிட்டு வாங்க."

நான் பள்ளிக்கூடப் பெண்ணா? மாதாமாதம் சம்பளம் வாங்குகிறவள். ஆனால் அந்தச் சம்பளத்தில்தான் தம்பி படித்தான். "சரி சார்" என்றேன்.

அப்பா ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். விஷயத்தைச் சொன்னதும், "தொட்டியா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். மறுநாள் பஞ்சகச்சம், திருமண், மேலே பழைய ஆபீஸ் கோட்டு. நல்லவேளை கோட்டாவது போட்டுக்கொண்டாரே என்று நினைத்தேன். நினைத்த மாத்திரத்தில் கூசிப்போனேன்.

முதல்வர் அவரை உட்காரச் சொல்லவில்லை. "இது லைப்ரரிங்களா, கோயிலுங்களா? வேலையை விட்டு எடுத்துடலாம்னுதான் இருந்தேன்." அப்பா கொஞ்சம் குனிந்து, "குழந்தை தெரியாம பண்ணிடுத்து. மன்னிச்சுக்கணும்" என்றார். கோட்டின் முதுகு நூல் நைந்திருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வேலை தப்பியது. நாங்கள் வெளியே வந்தபோது ஆரோக்கியசாமி சார் காத்திருந்தார். "வந்தது வந்தீங்க, உங்க பொண்ணு வேலை பாக்கற இடத்தைப் பாத்துட்டுப் போங்க சார்" என்று மாடிக்கு அழைத்துப் போனார். அங்கே ராஜமாணிக்கம் இருந்தார். முந்தின நாள் சிரித்ததற்கு ஈடுகட்டவோ என்னவோ, தன் மேஜையிலிருந்து ஒரு கல்லைக் கொண்டுவந்து வைத்தார். இரண்டாக அறுத்த கல்.

பெருமாளையே அறுத்துவிட்ட மாதிரி நான் பதறிவிட்டேன். அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கையை நீட்டி, பிறகு இழுத்துக்கொண்டார்.

"பஸ்ஸுல வந்திருக்கேன், விழுப்பு. குளிக்காம தொடப்படாது. நீ எடுத்துக் காமி" என்றார் என்னிடம்.

நானும் அதே பஸ்ஸில், அவர் பக்கத்தில்தான் வந்தேன். எடுத்து அவர் கண்ணுக்கு நேரே பிடித்தேன். நாற்பது வருஷமாக வெளியே மட்டும் பார்த்துக் கும்பிட்டதை அப்பா முதல் தடவையாக உள்ளே பார்த்தார்.

"இத்தனை ரூம் இருக்கே. உயிர் எதுல இருந்துது?" என்று கேட்டார்.

ராஜமாணிக்கம் சிரிக்கவில்லை. "கடைசி ரூம்ல மட்டும்தாங்க. வளர வளர முன்னாடி புதுசா ஒண்ணு கட்டிக்கிட்டு, பின்னாடி இருக்கறத அடைச்சுடும்."

"அப்ப மத்ததெல்லாம்?"

"காலிங்க. வெறும் காத்து."

அப்பா தலையை ஆட்டினார். திரும்பி வருகிற வழியில், காவிரிப் பாலம் தாண்டும்வரை ஜன்னல் வழியாக ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை சமையலறைக் கதவோரம் நின்று பார்த்தேன். வழக்கம்போல் தீர்த்தமாட்டினார். துடைத்த பிறகு பெருமாளை வைக்காமல் உள்ளங்கையிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். என்னால்தானே அவர் அந்தக் காலி அறைகளைப் பார்க்க நேர்ந்தது? அதற்கப்புறம் பல மாதங்கள் அப்பாவின் முகத்தை நேராகப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. தீர்த்தம் வாங்கும்போதுகூடத் தலையைக் குனிந்துகொண்டு கையை நீட்டுவேன்.

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா அம்மாவிடம் திடீரென்று ஆரம்பித்தார்.

"ஒண்ணு தெரியுமோ? இருந்த இடம் போறலைன்னா முன்னால ஒரு ரூம் கட்டிண்டு குடி வந்துடறதாம். பழசுக்குத் திரும்பிப் போறதே இல்லையாம். எத்தனை ரூம்ங்கறே!"

"யாரு?" என்றாள் அம்மா, ரசம் ஊற்றிக்கொண்டே.

"பெருமாள்தான். வேற யாரு?"

அவர் முகத்தில் குழப்பம் எதுவுமில்லை. புது ஊரைப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி சந்தோஷமாக இருந்தார். அத்தனை நாளும் அவருக்காகக் கூசிக் குறுகிக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான். சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அன்றைக்கும் காது சுட்டது.

அறுபதுகளின் நடுவில் கல்லூரியை வேறெங்கோ இணைத்துவிட்டார்கள். புத்தகங்கள் லாரி லாரியாக வடக்கே போயின. பீரோவும் கல்லும் எங்கே போயின என்று சொல்ல ஆளில்லை. அதற்கு முந்தைய வருஷமே அப்பா போய்விட்டார். ஆரோக்கியசாமி சார் மகனோடு இருக்க பெங்களூர் போனார். பங்களாவை இடித்தார்கள்.

கொஞ்ச காலம் கழித்து அரியமங்கலத்தில் ஒரு அரிசிக் கடைக்குப் போனேன். மூட்டையில் 'சீரகச் சம்பா' என்று எழுதிய அட்டை ஒன்று செருகியிருந்தது. பின்பக்கம் டைப் எழுத்துத் தெரிந்தது. உருவித் திருப்பினேன். சுரங்கக் காற்றோட்டம் பற்றிய ஒரு புத்தகத்தின் பெயர். நான் அடித்த அட்டை. "என்னம்மா பாக்கறீங்க? நல்ல அரிசிதாங்க" என்றார் கடைக்காரர். பழைய இடத்திலேயே செருகிவிட்டு, அரிசியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது அந்தக் கடையும் இல்லை.