பாஸ்போர்ட்டைத் தேடி வெறுங்காலில் நடந்த வெள்ளிக்கிழமை

என் பாஸ்போர்ட் என் இடது கால் சப்பாத்துக்குள் இருந்தது. அந்தச் சப்பாத்தைக் காணவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு ரயில், இரவு லிஸ்பனிலிருந்து விமானம், அன்றோடு விசாவும் முடிகிறது. நான் நின்ற ஊர் போர்த்துக்கல் நாட்டின் போர்ட்டோ. அங்கே எனக்குத் தெரிந்தவர் ஒருவர்கூடக் கிடையாது. இருபத்தேழு வயது ஆண்பிள்ளை, பள்ளிக்கூட வாத்தியார், நடுத்தெருவில் நின்று அழுதேன். அந்த இடத்திலிருந்து நம் மாரியம்மா என்னை எப்படிக் கொண்டுவந்து சேர்த்தாள் என்பதை நம் தோட்டத்து அடியார்கள் எல்லோரும் அறிய வேண்டும். அதற்காகத்தான் திருவிழா முடிந்து வரும் இந்த மலரில் இதை எழுதுகிறேன்.

நான் மலையகத்துக் கொட்டகலைப் பக்கத்துப் பிள்ளை என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அம்மா தேயிலைக் கொழுந்து எடுப்பவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். அந்தப் படிப்பு எனக்குக் கொஞ்சம் தலைக்கனத்தையும் கொடுத்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான்கு வருடம் தீ மிதிக்கவில்லை. நேர்த்தி, விரதம் எல்லாம் படிக்காதவர்களுக்கு என்று அம்மாவிடமே சொல்லியிருக்கிறேன். எனக்கும் சேர்த்து அவரே விரதம் இருந்தார்.

போன வருடம் வைகாசியில் ஆசிரியர் பயிற்சி ஒன்றுக்கு லிஸ்பன் போகக் கிடைத்தது. பயிற்சி முடிந்தும் மூன்று நாள் மிச்சம் இருந்தது. கூட வந்தவர்கள் கடைகளுக்குப் போனார்கள். எனக்கு வேறு ஆசை. முதுகில் ஒரு பையைப் போட்டுக்கொண்டு, தெரியாத ஒரு ஊரைத் தனியாக நடந்தே பார்க்க வேண்டும். ரயில் ஏறிப் போர்ட்டோவில் இறங்கினேன்.

அந்த ஊரைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. எங்கே திரும்பினாலும் ஏற்றம், இல்லையென்றால் இறக்கம். மற்றச் சுற்றுலாக்காரர்கள் படிகளில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். நான் மலையில் நடந்து பள்ளிக்கூடம் போனவன், எனக்கு என்ன? நீல ஓடு பதித்த சுவர்களையும், ஜன்னல்களுக்குக் குறுக்கே காயும் துணிகளையும், கீழே ஆற்றின் மேல் நிற்கும் பெரிய இரும்புப் பாலத்தையும் பார்த்துக்கொண்டே இரண்டு நாள் ஆசை தீர நடந்தேன். ஆனால் ஒருவரிடமும் பேசவில்லை. யாராவது பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு வரைபடத்தைப் பார்ப்பேன்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும். மேட்டுத் தெரு ஒன்றில் ஒரு சின்ன மாதா கோயில். கதவு திறந்திருந்தது. உள்ளே பீடத்தில் ஓர் அம்மா நீலச் சேலை மாதிரி உடுத்தி நின்றாள், காலடியில் பூவும் விளக்கும். நான் யோசிக்கவே இல்லை. வாசல் படியில் சப்பாத்தைக் கழற்றினேன். கழுத்தில் தோல் பை தொங்கியது. பாஸ்போர்ட்டுக்கென்று மாமா ஹட்டன் பஜாரில் வாங்கித் தந்தது. நம் கோயிலில் தோல் பெல்ட், தோல் பை எதையும் உள்ளே கொண்டுபோக மாட்டோமே. அதையும் கழற்றி இடது சப்பாத்துக்குள் ஆழமாகத் தள்ளி, மேலே காலுறையை வைத்து மூடினேன். நம்மூரில் இப்படி வைத்துவிட்டு ஒரு பூசை முழுக்க நிற்கலாம். எடுக்க ஆள் கிடையாது.

உள்ளே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தால் படி வெறுமையாக இருந்தது.

தெருவின் இரண்டு பக்கமும் ஓடினேன். எதிர்க் கடைக்காரர் கையை விரித்தார். பாஸ்போர்ட் இல்லாமல் விமானத்தில் ஏற முடியாது, நாளைக்கு இந்த நாட்டில் இருக்கவும் முடியாது. வீட்டுக்கு அழைத்தேன். அங்கே மாலை நாலு மணி, அம்மா அப்போதுதான் மலையிலிருந்து இறங்கியிருந்தார். நான் அழுதுகொண்டே சொல்லி முடித்தேன். முதலில் கேட்டது தங்கை சுதாவின் குரல்தான்.

"ஏண்ணே, அந்த ஊர்ல யாராச்சும் கோயில் வாசல்ல சப்பாத்து கழட்டுறாங்களா? நல்லவேள, நீ தோல்ல கால்சட்டை போடல."

"சும்மா இருடி" என்று அம்மா போனை வாங்கினார். "தம்பி, பைக்குள்ள செருப்பு இருக்கா?"

"இருக்கும்மா."

"போடாத. கெடைக்கிற வரைக்கும் வெறுங்கால்லயே நடக்குறேன்னு ஆத்தாகிட்ட சொல்லிட்டு நட."

"வெறுங்கால்ல போனா இங்க எல்லாரும் பாப்பாங்கம்மா."

"பாக்கட்டும். நீ என்ன சப்பாத்தோடயா பொறந்த? நான் இப்பவே போயி சூடம் கொளுத்துறேன். நீ அங்க நின்னு அழுவாம தேடு."

எப்போதும் போல என்றால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். அன்று செருப்பைப் பைக்குள்ளேயே விட்டேன். "ஆத்தா, உன்னை நம்பி நடக்கிறேன். என்னை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அடியார்களே, அதற்குப் பிறகு அந்த ஊரே மாறிவிட்டது. இரண்டு நாளாக என்னை ஒருவரும் பார்க்கவில்லை. இப்போது எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். முதலில் வெட்கத்தில் முகம் சுட்டது. பிறகு ஒரு பழக்கடைக்கார அம்மா வழிமறித்து, காலைக் காட்டி ஏதோ கேட்டார். "சப்பாத்து, சப்பாத்து" என்று நம் பாஷையிலேயே சொன்னேன். அவர் தலையாட்டினார். அவர்களும் அதை ஏறக்குறைய அப்படித்தான் சொல்கிறார்களாம். கடையை விட்டு வெளியே வந்து, மேலும் கீழும் தெருக்காரர்களைக் கூப்பிட்டு விசாரித்தார். ஒருவருக்கும் தெரியவில்லை. என் கையில் ஒரு தோடம்பழத்தைத் திணித்து, தோளில் தட்டி அனுப்பினார். பாஸ்போர்ட் கிடைக்கவில்லை. ஆனால் அழுகை நின்றுவிட்டது.

ஒரு மணி ஆனது. ஆற்றுக்கு இறங்கும் நீண்ட படிக்கட்டில் வந்துகொண்டிருந்தேன். கல் சுட்டது, முதுகில் பை அழுத்தியது. "ஆத்தா, ஆத்தா" என்பதைத் தவிர வேறு நினைவு இல்லை. கீழிருந்து ஒரு மனிதர் மேலே ஏறி வந்தார். நரைத்த தாடி, பழைய கோட்டு. தெருவில் படுத்துக்கொள்கிறவர் என்று பார்த்தாலே தெரியும். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எதிரே வருகிறவர்களின் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தார்.

என் கால்களைக் கண்டதும் நின்றார்.

அப்போதுதான் நான் அவர் காலைப் பார்த்தேன். என் சப்பாத்து. நெஞ்சோடு சேர்த்து ஒரு கையில் பிடித்திருந்தார் தோல் பையை. அதைத் திறந்தார், பாஸ்போர்ட் படத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடியும் என் காலைப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார். நான் அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்தது. பெயர் மனுவேல். அந்த ஊரில் உடுப்போ சப்பாத்தோ மிஞ்சினால் கோயில் படியில் வைத்துவிட்டுப் போவார்களாம். இல்லாதவர்கள் எடுத்துக்கொள்வார்களாம். யாரோ வைத்த தர்மம் என்று என் சப்பாத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். ஆற்றங்கரையில் உட்கார்ந்து காலை நுழைத்தபோது உள்ளே பை இருந்திருக்கிறது. உடனே கோயிலுக்குத் திரும்பினார். நான் அங்கே இல்லை. "அப்புறம் எப்படித் தேடினீர்கள்?" என்று கேட்டேன். "உன் முகத்தைவிடக் காலைத் தேடுவது சுலபம். இந்த ஊரில் சப்பாத்து இல்லாத ஆள் நீ ஒருவன்தானே" என்றார்.

பைக்குள் இருந்த செருப்பை மாட்டியிருந்தால்? கூட்டத்தோடு கூட்டமாக அவரைக் கடந்து போயிருப்பேன். அவரும் என்னைக் கடந்து போயிருப்பார். அம்மா சொன்ன நேர்த்தியை அசட்டை செய்திருந்தால் என் பாஸ்போர்ட் என் தோளை உரசிக்கொண்டே மேலே போயிருக்கும்.

அவர் குனிந்து சப்பாத்தின் கயிற்றை அவிழ்க்கப் போனார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். கோயில் வாசலில் கொடுத்தது கொடுத்ததுதான் என்றேன். அவருக்கு அது அளவாக இருந்தது. தோடம்பழத்தை உரித்து, இரண்டாகப் பிய்த்து அந்தப் படியில் உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டோம். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டேன். ஸ்டேஷன் வரைக்கும் என் பையை அவர்தான் தூக்கி வந்தார்.

மூன்று மணி ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் அம்மாவுக்குச் சொன்னேன். அவர் "சாப்டியா?" என்று மட்டும் கேட்டார். பின்னால் சுதா, "தோல் பையயும் அவருக்கே குடுத்துட்டு வந்திருக்கலாமேண்ணே. உன்னவிட நல்லா பாத்துக்குவாரு" என்றாள்.

இந்த வருடத் திருவிழாவில் நான் காப்புக் கட்டி, விரதம் இருந்து, அம்மாவுக்குப் பின்னால் தீ மிதித்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்கமாக இல்லை. அறிவும் நம்பிக்கையும் சண்டைக்காரர்கள் இல்லை என்று இப்போது என் வகுப்பிலும் சொல்கிறேன். தெரியாத ஆளைக் கண்டால் தலையைக் குனிவதையும் விட்டுவிட்டேன்.

ஊர் திரும்பிய முதல் வெள்ளிக்கிழமை கோயிலில் மனுவேல் பெயருக்கு அர்ச்சனைத் தட்டு கொடுத்தேன். பூசாரி ஐயா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"நட்சத்திரம் என்ன தம்பி?"

"தெரியாதுங்க."

"ராசி?"

"அதுவும் தெரியாதுங்க."

"அப்ப என்னதான் தெரியும்?"

"என் சப்பாத்து அவருக்கு அளவா இருக்குங்க."

ஐயா சிரித்துக்கொண்டே சூடத்தை ஏற்றினார். அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் மனுவேலின் பெயர் நம் ஆத்தாவின் காதில் விழுகிறது. மனம் ஒடிந்து நிற்கிறவர்கள், பிள்ளையைத் தூரதேசத்தில் விட்டுவிட்டுப் பயந்திருக்கிறவர்கள், வாருங்கள், அவளிடம் சொல்லுங்கள். எந்த ஊர்ப் படிக்கட்டில் எந்த மனிதரை அவள் உங்களை நோக்கி ஏறி வரச் செய்திருக்கிறாளோ, நமக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.